அடுத்த ஆர்டரை எடுப்பதா, வேண்டாமா?

கணக்கு ஆண்டு முடிய மூன்று வாரம் இருந்தது. அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்னத் தொழிற்கூடம் ஒன்றுக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். உரிமையாளர் வரச் சொன்னார் என்று போனேன். உள்ளே மிஷின் ஓடவில்லை. வேலையாட்கள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பழுதா என்று கேட்டேன்.

"பழுதெல்லாம் இல்ல சார். நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

ஆர்டர் புத்தகத்தைத் திருப்பி, பின் அட்டையின் உள்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் ஒரு தொகை எழுதி, அதற்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார். சிறு தொழில்களுக்கான எளிய வரி முறையின் விற்பனை வரம்பு அது. அதைத் தாண்டினால் வேறு விகிதம், மாதாமாதம் ரிட்டர்ன், கட்டாயத் தணிக்கை. அதுவும் தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, அந்த ஆண்டின் மொத்த விற்பனைக்கும். கையில் இரண்டு ஆர்டர் இருந்தன. எடுத்தால் கோட்டைத் தாண்டிவிடும். "ரெண்டையும் முடிச்சா எனக்கு என்ன நிக்கும்னு போட்டுச் சொல்லுங்க" என்றார்.

போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆர்டரிலும் சேர்த்து வரும் லாபத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டிய வரி அதிகம். ஒன்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார். இன்னொன்றை, காத்திருக்க முடியாது என்று சொன்ன வாடிக்கையாளரோடு சேர்த்து, வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் செய்ததில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது, ஆள் இருக்கிறது, மிஷின் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் மூன்று வாரம் ஒரு தொழிற்கூடம் சும்மா கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

நான் பொருளாதார நிபுணன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன், இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வரிக்கொள்கையால் வளர்ச்சியைத் தூண்ட முடியுமா என்ற விவாதம் ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் வரும். விகிதத்தைக் குறைத்தால் வளர்ச்சி வரும் என்று ஒரு கட்சி, பணக்காரனுக்குத்தான் லாபம் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் விகிதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு, தொழில் செய்கிறவர்கள் கேட்கிற கேள்வி வேறாகத் தெரிகிறது. அடுத்த ஆர்டரை எடுப்பதா, அடுத்த மிஷினை வாங்குவதா, பதிமூன்றாவது ஆளைச் சேர்ப்பதா? அந்த அடுத்த அடியில் வரி எங்கே வந்து கடிக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். மொத்த லாபத்தில் சராசரியாக எத்தனை சதவீதம் கட்டினோம் என்பது ரிட்டர்ன் போட்ட பிறகு புலம்புவதற்கான எண்.

இந்தக் கோட்டு விவகாரம் புதிதும் இல்லை. இங்கிலாந்தில் 1696-ல் ஜன்னல் வரி கொண்டுவந்தார்கள். வருமானத்தைக் கணக்கெடுக்க வழியில்லை. ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம். அதிக ஜன்னல் என்றால் பெரிய வீடு, பெரிய வீடு என்றால் பணக்காரன். யோசனை மோசமில்லை. 1747-ல் அட்டவணையை மாற்றினார்கள்: 10 முதல் 14 ஜன்னல் இருந்தால் ஜன்னலுக்கு 6 பென்ஸ், 15 முதல் 19 வரை 9 பென்ஸ், 20-ம் அதற்கு மேலும் என்றால் ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்). எல்லா ஜன்னலுக்கும் சேர்த்து. அதாவது 9 ஜன்னல் உள்ள வீட்டுக்கு இந்த வகையில் ஒன்றும் இல்லை. பத்தாவதைத் திறந்தால் 60 பென்ஸ். வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்தக் காலத்துப் பதிவேடுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். 9, 14, 19 என்ற மூன்று எண்களில் வீடுகள் குவிந்து கிடந்தன. ஆட்கள் செங்கல்லை வைத்து ஜன்னலை அடைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அடைத்த ஜன்னலால் அரசுக்கு ஒரு பென்னிகூட வரவில்லை, வீட்டுக்காரருக்கு வெளிச்சமும் காற்றும் போயின என்பது. வரி கட்டுவதால் ஒருவர் பையிலிருந்து அரசின் பைக்குப் பணம் போகிறது, அது இடமாற்றம். கட்டாமல் தவிர்க்க வேண்டி மாற்றிக்கொள்ளும் நடத்தையால் வருகிற நஷ்டம் யாருக்கும் லாபமில்லாத நஷ்டம். அந்த வரி 1851 வரை இருந்தது. ஒன்றரை நூற்றாண்டு இருட்டு. எங்கள் அட்டைப்பெட்டிக்காரர் அடைத்தது ஜன்னலுக்குப் பதில் ஆர்டர் புத்தகம்.

சரி, விகிதத்துக்கு வருவோம். அதைப் பேசாமல் விட்டால் படிக்கிறவர்கள் விடமாட்டார்கள். 1974-ல் வாஷிங்டனில் ஓர் ஓட்டல் மேசையில் ஆர்தர் லாஃபர் என்ற பொருளாதார அறிஞர் கைத்துடைப்பின் மேல் ஒரு வளைகோடு வரைந்து காட்டியதாக ஒரு கதை உண்டு. எதிரே, பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான டிக் செனி இருந்தார். விகிதம் பூஜ்யமாக இருந்தாலும் வருவாய் இல்லை, நூறாக இருந்தாலும் வருவாய் இல்லை. ஆக நடுவில் எங்கோ ஓர் உச்சி இருக்கிறது, அதைத் தாண்டினால் விகிதத்தைக் குறைப்பதாலேயே வருவாய் கூடும். 14-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் என்ற அரபு அறிஞர் இதைச் சொல்லிவிட்டார் என்று லாஃபரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கோட்டில் பிழையே கிடையாது. நாம் இப்போது உச்சிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைக் கைத்துடைப்பு சொல்லாது, அவ்வளவுதான்.

தாண்டி நின்றவர்களும் உண்டு. 1976-ல் சுவீடனில் சொந்தமாகத் தொழில் செய்தவர்களுக்கு வருமான வரியும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேல்மட்ட வருமானத்தில் 102 சதவீதம் வரை போனது. சிறுவர்களுக்கு எழுதும் புகழ்பெற்ற பெண் எழுத்தாளர் ஒருவர் தன் ரிட்டர்னைப் பார்த்துவிட்டு, அதை வைத்தே ஒரு கிண்டல் கதை எழுதிப் பத்திரிகையில் போட்டார். கூடுதலாகச் சம்பாதித்த ஒவ்வொரு நூறுக்கும் கையிலிருந்து இரண்டு போட்டுக் கட்ட வேண்டும் என்றால் யார் எழுதுவார்கள்? அந்த ஆண்டே தேர்தலில் நாற்பதாண்டுக்கு மேல் ஆட்சியில் இருந்த கட்சி தோற்றது. தோல்விக்கு அந்தக் கதை மட்டுமே காரணமில்லை. ஆனாலும் என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

சுவீடன் அதற்கு என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 1991-ல் பெரிய சீர்திருத்தம். மேல்மட்ட விகிதத்தை ஏறத்தாழ ஐம்பதுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவர்கள் உள்ளாட்சி வரியான முப்பது சொச்சம் மட்டும் கட்டினால் போதும். கூடவே விலக்குகளை வெட்டினார்கள், மறைமுக வரியின் வலையை அகலப்படுத்தினார்கள். அமெரிக்காவும் 1986-ல் இதையே செய்தது: தனிநபர் உச்ச விகிதம் 50-லிருந்து 28, கம்பெனி வரி 46-லிருந்து 34, பதிலுக்கு ஏகப்பட்ட ஓட்டைகள் அடைப்பு. விகிதம் தாழ்வு, பரப்பு அகலம். கேட்க எளிது. செய்வது கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு விலக்குக்கும் பின்னால் ஒரு சங்கம் இருக்கும், அந்தச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருப்பார், அவருக்கு அமைச்சரின் தொலைபேசி எண் தெரிந்திருக்கும்.

இப்போது மிஷின். என்னைப் பொறுத்தவரை வரியும் வளர்ச்சியும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் இதுதான், செய்தித்தாள்களில் அதிகம் பேசப்படாததும் இதுதான். பெயரே தூக்கம் வரவழைக்கும்: தேய்மானம்.

அதே அட்டைப்பெட்டிக்காரர் சில வருஷத்துக்கு முன் ஒரு டை கட்டிங் மிஷின் வாங்க யோசித்தார். விலையை 100 என்று வைத்துக்கொள்வோம், வரி விகிதம் 25 சதவீதம், வட்டி 10 சதவீதம். மிஷின் வாங்கியது செலவுதானே, லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். கழிக்கலாம், ஆனால் பத்து வருஷமாகப் பிரித்து, வருஷத்துக்குப் பத்துப் பத்தாக. இதற்குப் பெயர்தான் தேய்மானம். ஆக வரியில் மிச்சமாவது வருஷத்துக்கு இரண்டரை. கூட்டினால் 25 வருகிறது. ஆனால் வட்டியைக் கழித்துப் பார்த்தால், பத்தாவது வருஷம் வரப்போகும் இரண்டரைக்கு இன்றைக்கு மதிப்பு ஒன்றுதான். முதல் தவணை இன்றே கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டாலும், பத்துத் தவணைகளின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் 17-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். முழு 100-ஐயும் வாங்கிய வருஷமே கழிக்க விட்டால் 25 முழுசாகக் கிடைக்கும். வித்தியாசம் எட்டு. மிஷின் விலையில் எட்டு சதவீதம் தள்ளுபடி கொடுத்த மாதிரி. வங்கியில் கடன் வாங்கி மிஷின் போடுகிறவனுக்கு எட்டு சதவீதம் என்பது வாங்குவதற்கும் வாங்காததற்கும் இடையில் இருக்கிற தூரம்.

இதையே விகிதக் குறைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 25-ஐ 20 ஆக்கினால் புது மிஷினுக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய கட்டடத்திலிருந்து வருகிற லாபத்துக்கும் அதே தள்ளுபடி. போட்டியே இல்லாத சந்தையில் ஒருவர் நினைத்த விலைக்கு விற்றுச் சம்பாதிப்பதற்கும் அதே தள்ளுபடி. ஏற்கெனவே எடுத்து முடித்த முடிவுகளுக்கு அரசு பரிசு கொடுக்கிறது. வாங்கிய வருஷமே முழுக் கழிவு என்றால் சலுகை புதிதாய்ப் போடுகிற பணத்துக்கு மட்டும் போய்ச் சேரும். அரசு இழக்கிற ஒவ்வொரு காசுக்கும் எவ்வளவு முதலீடு எழும்புகிறது என்று கேட்டால், என் கணக்கில் இது விகிதக் குறைப்பை எளிதாக ஜெயிக்கும். அமெரிக்காவில் 2001-க்குப் பிறகு அவ்வப்போது கொடுத்த கூடுதல் தேய்மானத்தை எரிக் ஸ்விக், ஜேம்ஸ் மஹோன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்தபோது, பெரிய கம்பெனிகளைவிடச் சின்னக் கம்பெனிகளே மிக அதிகமாக அசைந்து கொடுத்தது தெரிந்தது. பிரிட்டன் 2023-ல் மிஷின்களுக்கு முழுக் கழிவைக் கொண்டுவந்து, அதே ஆண்டு கடைசியில் நிரந்தரமாக்கியது. எஸ்டோனியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2000 முதல் அங்கே கம்பெனி லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வரி. தொழிலுக்குள்ளேயே வைத்திருக்கும் வரை கிடையாது. தேய்மான அட்டவணையே தேவைப்படாத நாடு! எங்களைப் போன்றவர்களின் பிழைப்பை நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த முழுக் கழிவிலும் ஓட்டை உண்டு. லாபமே இல்லாத புதுத் தொழிலுக்கு எதிலிருந்து கழிப்பது? வரவேண்டிய கழிவை எதிர்காலத்துக்குச் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். பழைய, லாபம் கொழிக்கும் கம்பெனிக்கு உடனே பலன். அப்புறம், சலுகையைத் தற்காலிகமாகக் கொடுத்தால் எது புதிதாய்ப் பிறந்தது, எது அடுத்த வருஷத்திலிருந்து முன்னால் இழுத்து வரப்பட்டது என்றே தெரியாது. எங்கள் ஆள் அந்த டை கட்டிங் மிஷினைக் கடைசியில் வாங்கினார். அப்போது இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்று ஒரு சலுகை வந்திருந்தது; கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது பில் போட்டார். சலுகை வராமலே இருந்திருந்தால் அவர் ஒருவேளை ஆறு மாதம் கழித்து வாங்கியிருப்பார். அந்த ஆறு மாதத்தின் பெயர் வளர்ச்சியா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஆராய்ச்சிச் செலவுக்குக் கொடுக்கும் சலுகையும் தத்துவப்படி நல்லதுதான். கண்டுபிடித்தவன் சம்பாதிப்பதைவிட ஊர் சம்பாதிப்பது அதிகம் என்பதால், தானாக விட்டால் ஆராய்ச்சி குறைவாகத்தான் நடக்கும். நடைமுறையில், பெட்டியின் மேல் அச்சடிக்கும் சிவப்பை மெரூனாக மாற்றியதை ஆராய்ச்சி என்று காட்ட முடியுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். சிரிக்காமல் கேட்டார்.

மறைமுக வரியைப் பற்றி வளர்ச்சிக் கட்டுரைகளில் யாரும் உணர்ச்சிவசப்படுவதில்லை. அது அநியாயம். பழைய விற்பனை வரி எப்படி இருந்தது என்றால், காகிதக் கூழ் விற்கும்போது ஒரு வரி, காகிதம் விற்கும்போது அந்த வரிக்கும் சேர்த்து ஒரு வரி, அட்டைக்கு, பெட்டிக்கு என்று வரிமேல் வரி. கைமாறும் ஒவ்வொரு தடவையும் செலவு என்பதால், எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்கிற பெரிய கம்பெனிக்கு ஆதாயம். ஒரு வேலையை மட்டும் நன்றாகச் செய்கிற சின்னத் தொழிற்கூடத்துக்கு அடி. 1954-ல் பிரான்ஸில் மோரிஸ் லோரே என்ற வரித்துறை அதிகாரி இதற்கு ஒரு வழி கண்டார். வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டியதில் கழித்துக்கொள், நீ சேர்த்த மதிப்புக்கு மட்டும் கட்டு. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த மதிப்புக் கூட்டு வரி ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. மிஷினுக்குக் கட்டிய வரியும் திரும்பி வந்துவிடும் என்பதால் முதலீட்டை அது தொடுவதில்லை. ஏற்றுமதிக்கு வரி முழுக்க கழன்றுவிடும்.

ஏட்டில் கழன்றுவிடும். ஏற்றுமதி செய்கிற ஒருவருக்கு ரீஃபண்ட் வரவேண்டும் என்று நான் மனுப் போட்டு ஒன்பது மாதம் நடந்தேன். முதலில் ஒரு படிவம் குறைகிறது என்றார்கள். கொடுத்தோம். பிறகு அந்தப் படிவமே மாறிவிட்டது என்றார்கள். அதற்குள் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியும் மாறிவிட்டார். ஒன்பது மாதமும் அவர் ஓவர்டிராஃப்டுக்கு வங்கியில் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க இவர் வங்கியில் வட்டிக்கு வாங்குகிறார். பணம் வந்து சேர்ந்தபோது, புதிதாக எடுக்க நினைத்த இரண்டு ஆட்களை எடுக்காமல் விட்டிருந்தார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வரி இது. வளர்ச்சிக்கு ஒரே ஒரு காரியம் செய்ய என்னிடம் அதிகாரம் கொடுத்தால், விகிதத்தைத் தொடவே மாட்டேன். ரீஃபண்டை முப்பது நாளில் கொடுக்க வைப்பேன்.

உழைப்பின் மேல் விழும் வரியில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடும் நாட்டில், வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற மனைவியின் முதல் சம்பளத்துக்கே கணவனின் மேல்மட்ட விகிதம் விழும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் செலவையும் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. சுவீடன் 1971-ல் தனித்தனி வரிக்கு மாறியது. அங்கே பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கோடு அழிந்தால் ஒரு நாட்டின் உழைப்பாளர் படையே பெருகுகிறது என்றால், பெரிய தொழிற்சாலைக்குப் பத்து வருஷ வரி விடுமுறை கொடுத்து வேலை உண்டாக்குவதைவிட மலிவான வழி இல்லையா?

வரி விடுமுறை என்றதும் அயர்லாந்து நினைவுக்கு வரும். 2003 முதல் கம்பெனி வரி 12.5 சதவீதம். உலகக் கம்பெனிகள் வரிசை கட்டி வந்தன. நிஜமான தொழிற்சாலைகளும் வந்தன, நிஜமான வேலைகளும் வந்தன, அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆங்கிலம் பேசும் படித்த இளைஞர்களும் ஐரோப்பியச் சந்தையும் இல்லாமல் வெறும் விகிதம் மட்டும் இருந்திருந்தால் வந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. ஆனால் 2016 ஜூலையில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம், முந்தைய ஆண்டு ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, 26 சதவீதம் வளர்ந்தது என்று அறிவித்தபோது ஊரே சிரித்தது. யாரும் 26 சதவீதம் கூடுதலாக உழைக்கவில்லை. சில கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளையும் விமானங்களையும் காகிதத்தில் அயர்லாந்துக்குக் குடிபெயர்த்திருந்தன. பிறகு இந்த வீக்கத்தைக் கழித்து அளப்பதற்கென்றே அவர்கள் வேறொரு அளவுகோலை உண்டாக்க வேண்டியிருந்தது. பக்கத்து நாட்டிலிருந்து இழுத்த லாபம் அந்த நாட்டுக்கு வளர்ச்சி, உலகத்துக்குப் பூஜ்யம். பெரிய கம்பெனிகளுக்குக் குறைந்தது 15 சதவீதம் என்று 2021-ல் ஏறத்தாழ 140 நாடுகள் ஒப்புக்கொண்டது இந்தப் போட்டியை நிறுத்தத்தான். அயர்லாந்தும் 2024-லிருந்து அதற்கு வந்துவிட்டது.

நிலத்தின் மேல் வரி போடுவது வளர்ச்சிக்கு மிகக் குறைவான கேடு செய்யும் என்று ஆடம் ஸ்மித் காலத்திலிருந்து சொல்கிறார்கள். நிலத்தை யாரும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு ஓட முடியாது, வரிக்குப் பயந்து குறைவாக உற்பத்தி செய்யவும் முடியாது. 2008-ல் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வரிகளை வரிசைப்படுத்தியபோதும் கம்பெனி வரி வளர்ச்சிக்கு அதிகக் கேடு, அடுத்தது வருமான வரி, பிறகு நுகர்வு வரி, அசையாச் சொத்து வரி மிகக் குறைவு என்றே வந்தது. எல்லா நிபுணர்களும் ஆதரிக்கிறார்கள், எந்த அரசியல்வாதியும் தொடுவதில்லை. அவ்வளவுதான் அதில் விஷயம்.

குறைப்பது பற்றி ஒரு வார்த்தை. பொருளாதார அறிஞர்களான கிறிஸ்டினா ரோமர், டேவிட் ரோமர் தம்பதி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஜிடிபியில் ஒரு சதவீத அளவுக்கு வரியை உயர்த்தினால் உற்பத்தி மெல்ல மெல்ல மூன்று சதவீதம் வரை குறைகிறது என்று கண்டார்கள். வரிக் குறைப்புக்காரர்கள் இதை எப்போதும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வில், ஏற்கெனவே இருக்கிற பற்றாக்குறையை அடைக்க வரி உயர்த்தியபோது கெடுதல் மிகவும் குறைவாகவே இருந்தது என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

புரட்டாதவர்களுக்குப் பாடம் நடத்த நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணம் 2012-ல் சாம் பிரவுன்பேக் ஆளுநராக இருந்தபோது வருமான வரியைக் குறைத்தது. கூடவே, தனிநபர் ரிட்டர்னில் காட்டப்படும் தொழில் லாபத்துக்கு வரியே இல்லை என்றது. இதைப் படித்த உடனே எந்த ஆடிட்டருக்கும் கை அரிக்கும். சம்பளக்காரராக இருப்பவர் தன் பெயரில் ஒரு தொழிலைப் பதிந்துகொண்டு, அதே மேசையில் அதே வேலையைச் செய்தால் வரி பூஜ்யம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழில்கள் சலுகையை எடுத்துக்கொண்டன. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. பள்ளிக்கும் சாலைக்கும் பணம் போதவில்லை. 2017-ல் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவருடைய தடையுரிமையையும் மீறி, சலுகையை நீக்கியது. வளர்ந்த ஒரே தொழில் எங்கள் தொழில்தான் என்று எனக்கு ஊகம்.

இலங்கையின் கதை இன்னும் கசப்பானது. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரி 15-லிருந்து 8 சதவீதமானது. அந்த வரியின் வலைக்குள் வருவதற்கான ஆண்டு விற்பனை வரம்பை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியும் எடுக்கப்பட்டது. வளர்ச்சி வந்து இழப்பை ஈடுகட்டும் என்பது நம்பிக்கை. சில மாதத்தில் கொரோனா வந்தது. இழப்பு இன்னும் பெரிதானது. வரி வருவாய் சரிந்ததைப் பார்த்து வெளிநாட்டுச் சந்தைகள் கடன் கொடுப்பதை நிறுத்தின. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. உரத் தடை, சுற்றுலாச் சரிவு என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. ஆனால் மின்வெட்டிலும் எரிபொருள் வரிசையிலும் நின்ற சிறு தொழில்காரருக்கு எட்டு சதவீதம் என்ற விகிதம் என்ன உதவி செய்தது? 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதத்தில் வந்து நின்றது. குறைப்பதற்கு முன் இருந்ததைவிட மூன்று அதிகம்.

பிரிட்டன் பணக்கார நாடு, அதற்கு இது நடக்காது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 23-ல் லிஸ் டிரஸ் அரசு சுமார் 4,500 கோடி பவுண்டுக்கு வரிக்குறைப்பை அறிவித்தது; ஈடுகட்டப் பணம் எங்கிருந்து என்று சொல்லவில்லை. மூன்றே நாளில் டாலருக்கு எதிராகப் பவுண்டு வரலாறு காணாத அளவுக்கு விழுந்தது. ஐந்தாம் நாள் பாங்க் ஆஃப் இங்கிலாந்து அரசுப் பத்திரங்களை வாங்கிச் சந்தையைத் தாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக் கடன் வட்டி ஏறியது. தொழிலுக்கு வரியில் மிச்சம் பிடித்துக் கொடுக்கப் போய் வட்டியில் பறிகொடுக்க வைத்தார்கள். அவர் பிரதமராக இருந்தது ஐம்பது நாள்கூட இல்லை.

என் வாடிக்கையாளர்கள் யாரும் வளைகோடு பார்த்து முதலீடு செய்வதில்லை. "இது நிக்குமா சார்?" என்றுதான் கேட்பார்கள். இன்று அறிவித்த விகிதம் மிஷின் தேயும் வரை, அதாவது பத்து வருஷம், இருக்குமா என்பது அவர்கள் கேள்வி. பணத்துக்கு வழி சொல்லாமல் கொடுத்த சலுகை நிற்காது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷம் நிற்கும் என்பதை என்னால் போட்டுச் சொல்ல முடிந்ததில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுத்தான் கணக்கைக் கொடுப்பேன்.

அட்டைப்பெட்டிக்காரரைத் தடுத்த அந்த விற்பனை வரம்பை எடுத்துவிட்டு, தாண்டிய பகுதிக்கு மட்டும் படிப்படியாக வரி ஏறும்படி செய்தால் கோடு மறைந்துவிடும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பல தடவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன பட்ஜெட்டில் அதைச் செய்யவில்லை. வரம்பை உயர்த்தினார்கள். நல்ல செய்திதான் என்று அட்டைப்பெட்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு சார்?"

சொன்னேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அட்டையைத் திருப்புகிறார் என்று புரிந்தது.

"இருங்க, பென்சில் எடுத்துக்கறேன். திருப்பிச் சொல்லுங்க" என்றார்.